அரக்குத் தட்டில் ஏறிய எக்காளம்: லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சாவு வீட்டு மேளம் புதிதல்ல. ரந்தாவிலோ லாபுவிலோ பகாவிலோ ஒரு பெரியவர் கண்ணை மூடினால், சொந்தக்காரர்களுக்கு முன்பே தப்பு வந்து சேர்ந்துவிடும். தோலை நெருப்பில் காய்ச்சி முதல் அடி விழுந்ததும் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். சுடுகாட்டுப் பாதையில் பாதி தூரம் பின்னாலேயே போவார்கள். பெரியவர்கள் அதட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்த இசையைக் கேட்கலாம், ஆனால் கற்றுக்கொள்ள ஆசைப்படக்கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் இப்படியொரு வழக்கம் உண்டு. அங்கே கறுப்பின மக்களின் சவ ஊர்வலத்துக்கு முன்னால் பித்தளை வாத்தியக் குழு செல்லும். இடுகாட்டுக்குப் போகும்போது அழுத்தமான, மெதுவான இசை. அடக்கம் முடிந்து திரும்பும்போது கால் தானாக ஆடும் துள்ளல் இசை. குழுவுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போகும் கூட்டத்துக்கு இரண்டாம் வரிசை என்று பெயர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இரண்டாம் வரிசையில் ஓடிய பையன்களில் ஒருவன்தான் லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங். ஜாஸ் இசையைத் தனிக் கலைஞனின் கற்பனைக்குரிய கலையாக மாற்றியவர் என்று பிற்காலம் அவரைக் கொண்டாடியது.

அவர் தாம் 1900 ஜூலை 4-ஆம் நாள் பிறந்ததாகவே வாழ்நாள் முழுக்க நம்பினார். அது அமெரிக்காவின் சுதந்திர தினம். இறந்த பிறகு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தபோதுதான் உண்மைத் தேதி 1901 ஆகஸ்டு 4 என்று தெரிந்தது. பிறந்த பத்திரம் இல்லாமல் அலைந்த தோட்டத்துக் குடும்பங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தாயார் மேயன் கரும்பு விளையும் கிராமப்புறத்திலிருந்து பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த பெண். லூயிஸ் பிறந்தபோது அவரே இன்னும் சிறுமிதான். தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான். குழந்தையைச் சில ஆண்டுகள் பாட்டி வளர்த்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது 36 ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் மூதாதையர் கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தபோது கூலி என்ற பெயராவது அவர்களுக்கு இருந்தது. லூயிஸின் முன்னோருக்கு அதுவும் இல்லை.

வீட்டு வறுமையால் 11 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அதற்கு முன்பே அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் பழந்துணியும் நிலக்கரியும் விற்கும் வேலை. வண்டி வருவதைத் தெருவுக்குத் தெரிவிக்க ஒரு தகர ஊதுகுழலைக் கொடுத்தார்கள். அதில் ஒலி எழுப்பிக் கூவ வேண்டிய பையன், பாட்டு வாசிக்கத் தொடங்கினான். அடகுக் கடையில் ஒரு பழைய கார்னெட் இருந்தது. கார்னெட் என்பது டிரம்பெட்டைவிடக் கொஞ்சம் குட்டையான எக்காளம். விலை 5 டாலர். கார்னோஃப்ஸ்கி குடும்பத்தார் முன்பணம் கொடுக்க, மீதியை வாரக் கூலியில் கழித்தான். இந்த உதவியை அவர் மறக்கவில்லை. 1969-இல் நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அந்தக் குடும்பத்தைப் பற்றித் தம் கைப்படப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்.

1912 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் வீட்டிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டான். போலீஸ் பிடித்தது. மறுநாள் கறுப்பினச் சிறார்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். சிறைவாசம்தான் ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கலைஞராக்கியது என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பூட்டிய கதவு யாருக்கும் சங்கீதம் கற்றுத்தராது. அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஓர் இசையாசிரியர் இருந்தார் என்பதே உண்மைக் காரணம். கெட்ட பேட்டையிலிருந்து வந்த பையன் என்று முதலில் அவரும் லூயிஸை ஒதுக்கித்தான் வைத்தார். பிறகு கையில் ஒரு கஞ்சிராவைப் போன்ற டாம்பரினைக் கொடுத்தார். அடுத்து மத்தளம், பிறகு ஊதல்கள், கடைசியில் கார்னெட். இல்லத்தின் வாத்தியக் குழுவுக்கே அவன் தலைவனானான். குழு ஒருமுறை அவனுடைய சொந்தப் பேட்டை வழியாக ஊர்வலம் போனபோது, சூதாடிகளும் கூலிகளும் ஓடிவந்து தொப்பிகளில் காசு போட்டதை அவர் சுயசரிதையில் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஒன்றரை ஆண்டு கழித்து 1914-இல் வெளியே வந்ததும் மறுபடி நிலக்கரி வண்டிதான். இரவில் மதுக்கடைகளில் வாசிப்பு.

அந்தக் காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் கேட்க நுழைவுச்சீட்டு தேவைப்படவில்லை. நடன அரங்கத்துக்கு வெளியே நின்றாலே போதும். ஆள் திரட்டுவதற்காக வாத்தியக்காரர்கள் முதலில் வாசலில் நின்று வாசிப்பார்கள். ஜோ ஆலிவர் என்ற கார்னெட் மேதையை லூயிஸ் கேட்டதும் இப்படித்தான். ஆலிவர் அவனுக்குப் பாடம் சொல்லித்தந்தார், தம் பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார்.

ஆனால் நேரில் கேட்டதோடு லூயிஸின் காது நின்றுவிடவில்லை. இது பலருக்குத் தெரியாது. பதின்ம வயது முடியும் நேரத்தில், கையில் கொஞ்சம் காசு புழங்கியதும், சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோன் ஒன்றை வாங்கினார். அதற்கு அவர் சேர்த்த தட்டுகளில் முதல் ஜாஸ் இசைத்தட்டுகளும் இருந்தன. 1917-இல் வெளியான அவற்றை வாசித்தவர்கள் அதே ஊரைச் சேர்ந்த வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை, முதன்முதலில் தட்டில் ஏறியபோது அவர்கள் பெயரில் ஏறவில்லை. ஃப்ரெடி கெப்பார்ட் என்ற கறுப்பினக் கலைஞருக்கு முதலில் வாய்ப்பு வந்ததாகவும், தம் வித்தையை மற்றவர்கள் திருடிவிடுவார்கள் என்று அவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. லூயிஸ் அப்படி அஞ்சவில்லை. ஜாஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில் கரூசோ, டெட்ராசினி போன்ற இத்தாலிய ஓப்பராப் பாடகர்களின் தட்டுகளையும் வைத்திருந்தார். பின்னாளில் அவர் டிரம்பெட்டில் உச்ச சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போது, அந்த ஓப்பராக் குரல்களின் சாயல் இருப்பதாக இசை அறிஞர்கள் சொல்கிறார்கள்.

1919 முதல் ஆற்றுப் படகுகளில் ஃபேட் மரபிள் என்பவரின் குழுவில் வாசித்தபோதுதான் இசைக்குறிப்பைப் படிக்கும் பயிற்சி அவருக்கு நன்றாக அமைந்தது. 1922 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து ஆலிவரின் அழைப்பு வந்தது. லிங்கன் கார்டன்ஸ் என்ற நடன அரங்கில் குருவும் சீடரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு கார்னெட்டுகளை வாசித்தார்கள். குழு சட்டென்று நிற்கும். அந்த இடைவெளியில் இருவரும் பேசி வைத்ததுபோல் ஒரே சங்கதியை இரு குரலில் விடுவார்கள். மறுபடி குழு சேர்ந்துகொள்ளும். கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரிவதைக் கேட்டவர்களுக்கு இது ஓரளவு புரியும். சிகாகோவின் ஆஸ்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர், பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ்கிரீம் கடையில் ஜாஸ் தட்டுகளைப் போட்டுப் போட்டு, ஒவ்வொரு சுரமாகக் காதால் பிடித்துப் பழகியவர்கள். அவர்கள் பின்னர் லிங்கன் கார்டன்ஸுக்கும் வந்து கேட்டார்கள். ஜிம்மி மெக்பார்ட்லண்ட், பட் ஃப்ரீமன் ஆகியோர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்த புகழ்பெற்ற கலைஞர்கள்.

1923 ஏப்ரலில் ஆலிவர் குழு இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் முதல் ஒலிப்பதிவு செய்தது. மைக் இல்லாத காலம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய புனலை நோக்கி எல்லாரும் வாசிக்க வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். கூடத்துக்குப் பக்கத்தில் தண்டவாளம். ரயில் வந்தால் வேலை நிற்கும். லூயிஸின் ஒலி மற்ற எல்லாரையும் மூழ்கடித்ததால் அவரைப் பின்னால் தள்ளி நிறுத்தியதாகச் சொல்வார்கள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பிடிக்கும். இரவெல்லாம் நீளும் இசையை 3 நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்ற அந்த நெருக்கடி, ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு நன்மையாகவே முடிந்தது. வீண் சுரம் ஒன்றுகூட இல்லாமல் அடக்கிச் சொல்லும் கட்டுப்பாடு அவருக்கு வந்தது.

குழுவில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின்; கல்லூரிக்குச் சென்றவர், கெட்டிக்காரர். 1924-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். குருவின் நிழலிலேயே நின்றால் வளர முடியாது என்று கணவரைத் தள்ளிவிட்டவர் அவரே. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை என்றாலும், லில் இல்லாவிட்டால் ஆர்ம்ஸ்ட்ராங் இன்னும் பல ஆண்டுகள் இரண்டாவது கார்னெட்டாகவே இருந்திருப்பார். நியூயார்க்கில் ஓராண்டு வாசித்துத் திரும்பிய பின், 1925 நவம்பர் 12-ஆம் நாள், ஹாட் ஃபைவ் என்ற பெயரில் தம் சொந்தக் குழுவோடு முதல் பதிவைச் செய்தார்.

இந்த ஹாட் ஃபைவ் கிட்டத்தட்ட ஒலிப்பதிவுக் கூடத்துக்காகவே சேர்ந்த குழு. மேடையில் அவர்களை யாரும் அநேகமாகக் கேட்டதில்லை. ஆக, ஜாஸ் வரலாற்றின் தலைசிறந்த வாசிப்புகளில் சில, தட்டில் மட்டுமே இருந்தன. 1926-இல் பதிவான ஹீபி ஜீபிஸ் பாட்டில் சொற்களுக்குப் பதில் பொருளற்ற அசைகளை வைத்துத் தாளத்தோடு விளையாடுகிறார். பாட்டுத்தாள் கைநழுவி விழுந்ததால் அப்படிப் பாடினார் என்ற கதையைக் கொஞ்சம் உப்புச் சேர்த்தே கேட்க வேண்டும். நமக்கு அது அந்நியமானதல்ல. கொன்னக்கோலையும் தன்னானேப் பாட்டையும் கேட்டு வளர்ந்த காதுகள் இவை. 1928 ஜூனில் பதிவான வெஸ்ட் எண்ட் புளூஸ் இன்னும் ஒருபடி மேலே. தொடக்கத்தில் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல், கால் நிமிடத்துக்கும் குறைவாக அவர் தனியே வாசிக்கிறார். தாளம் தொடங்குமுன் ராகத்தை ஒரே மூச்சில் வரைந்துகாட்டும் ஆலாபனை போன்றது அது. கைப்பேசியில் இன்றே தேடிக் கேட்கலாம். 1923-இன் சைம்ஸ் புளூஸை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், 5 ஆண்டுகளில் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று தெரியும்.

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை? முக்கியப் பொருள் அரக்கு. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்துக்குத் தேவையான அரக்கில் பெரும்பகுதி அப்போது இந்தியாவிலிருந்தே போனது. கல்கத்தாவில் 1908 முதலே இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலை இருந்தது. கித்தா மரத்துப் பால் எப்படிச் சயாமிலும் மலாயாவிலும் வடிந்து டெட்ராய்ட் கார்களின் சக்கரமானதோ, அப்படியே இந்தியப் பூச்சியின் பிசின் சிகாகோ எக்காளத்தின் குரலைச் சுமந்தது. இன்றைக்கும் பழைய பொருள் சந்தைகளில் இந்த 78 சுற்றுத் தட்டுகள் கிடைக்கின்றன. வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும், இப்போதைய எல்.பி. ஊசியில் ஓட்டக்கூடாது, பள்ளம் அகலமானது, அதற்கென்று தனி ஊசி வேண்டும்.

தட்டு மட்டும் ஆசியாவுக்கு வரவில்லை, ஆளும் வந்தார். சிகாகோவில் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் பியானோ வாசித்த டெடி வெதர்ஃபோர்ட், 1926-இல் கிழக்கே கப்பலேறினார். ஷாங்காய், பம்பாய் தாஜ் ஓட்டல், கல்கத்தா என்று வாசித்தே வாழ்ந்து, 1945-இல் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். பம்பாயில் கோவாவைச் சேர்ந்த அந்தோனியோ சேவியர் வாஸ் என்ற இளைஞர், ஆர்ம்ஸ்ட்ராங்கின் தட்டுகளைக் கேட்டே டிரம்பெட் வாசிப்பையும் கரகரத்த குரலையும் கைக்குட்டை பிடிக்கும் தோரணையையும் தமதாக்கிக்கொண்டார். சிக் சாக்லேட் என்பது அவருடைய மேடைப்பெயர். திரைப்பட இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவுக்கு அவர் உதவியாளராக இருந்தார். அதே ராம்சந்திராதான் 1958-இல் வஞ்சிக்கோட்டை வாலிபன் படத்துக்கு இசையமைத்தவர். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் அந்த நடனத்தைத் தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் பார்த்த தாத்தா பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டு ஜாஸ் என்று சொல்ல வரவில்லை. அதை அமைத்தவரின் காது எந்தெந்தத் தெருக்களில் நடந்து வந்தது என்பதையே சொல்கிறேன்.

அமெரிக்காவிலோ 1930-களின் இறுதியில் ஹாட் ஃபைவ் தட்டுகள் கடைகளில் இல்லை. அவற்றைக் கறுப்பினத்தவருக்கான தனி வரிசையில்தான் அச்சிட்டார்கள், விற்றதும் மறந்துவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்துச் சேகரித்தவர்களே அந்த இசையை உயிரோடு வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் யேல் பல்கலைக்கழக மாணவர் ஜார்ஜ் அவாக்கியன். அந்தத் தட்டுகளை மறுபடி வெளியிடுங்கள் என்று கொலம்பியா நிறுவனத்தை அவர் இணங்க வைத்தார். 1940-இல், இன்னும் மாணவராக இருந்தபோதே, அந்த வேலை அவர் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது. நிறுவனத்தின் கிடங்கில் குடைந்தபோது, பதிவு செய்தும் வெளிவராமல் கிடந்த ஆர்ம்ஸ்ட்ராங் வாசிப்புகளே அவருக்குக் கிடைத்தன. 1954-இல் அதே அவாக்கியன் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மிகச் சிறந்த தொகுப்புகளில் ஒன்றைத் தயாரித்தார்.

புகழ் வந்தபின் ஆர்ம்ஸ்ட்ராங் ஆண்டில் பெரும்பகுதியைப் பயணத்திலேயே கழித்தார். உதடு கிழிந்து தழும்பேறியது. 1956-இல் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், அவரைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. சொந்த நாட்டிலோ அவர் வாசித்த சில ஓட்டல்களில் அவருக்கே அறை கிடைக்காது. மேடையில் எப்போதும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார், வெள்ளையரை மகிழ்விக்கும் கோமாளி என்று இளைய கறுப்பினக் கலைஞர்கள் சிலர் அவரை ஏசினார்கள். அந்த ஏச்சில் முழு நியாயம் இல்லை என்பது 1957-இல் தெரிந்தது.

நாம் மெர்டேக்கா கொண்டாடிய அடுத்த வாரம் அது. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையவிடாமல் ஆளுநரின் உத்தரவால் படைவீரர்கள் தடுத்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாணவர்கள் பக்கம் இருந்தும் அதிபர் ஐசனோவர் தயங்கினார். செப்டம்பர் 17-ஆம் நாள் வடக்கு டகோட்டாவில் கச்சேரிக்கு வந்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பேட்டி காண 21 வயது நிருபர் ஒருவர் போனார். அவரும் கல்லூரி மாணவர்தான். பாட்டைப் பற்றிக் கேட்கப் போனவரிடம், 11 வயதில் பள்ளியை விட்ட அந்த மனிதர் பள்ளிக்கூட வாசலைப் பற்றிக் கொட்டித் தீர்த்தார். அதிபருக்குத் துணிவில்லை என்றார். அரசாங்கத்தின் சார்பில் சோவியத் யூனியனுக்குப் போகவிருந்த பயணத்துக்கு வரமுடியாது என்றார். செய்தி நாடு முழுவதும் பரவியது. அவருடைய பயண மேலாளரே அதை மழுப்பப் பார்த்தபோது, சொன்னது சொன்னதுதான் என்று ஆர்ம்ஸ்ட்ராங் நின்றார். அவருடைய தட்டுகளைப் புறக்கணிக்கச் சொன்னவர்களும் உண்டு. ஒரு வாரத்தில் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். 9 பேரும் பள்ளிக்குள் போனார்கள். அதிபரின் முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு, ஆர்ம்ஸ்ட்ராங்கின் பேச்சே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இழக்க நிறைய வைத்திருந்தவர் பேசிய பேச்சு அது.

1943-இல் அவருடைய மனைவி லூசில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், உழைக்கும் மக்கள் வாழும் கொரோனா பேட்டையில் ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். உலகப் புகழ் பெற்ற பிறகும் ஆர்ம்ஸ்ட்ராங் அதைவிட்டு மாறவில்லை. அந்த வீட்டு மாடியில் ஓர் அறை முழுக்க இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும். 1950-இன் இறுதியில் ஒலிநாடாக் கருவி வாங்கியதிலிருந்து அவர் எல்லாவற்றையும் பதிவு செய்தார்: தம் தட்டுகளை, மற்றவர்களின் தட்டுகளை, ஓப்பராவை, நண்பர்களின் அரட்டையை, ஓட்டல் அறையில் சொன்ன நகைச்சுவைகளை. பயணத்தின்போது கருவியும் பெட்டியோடு போகும். சுமார் 700 நாடாக்கள் சேர்ந்தன. ஒவ்வொரு நாடாப் பெட்டியின் அட்டையிலும் பத்திரிகைப் படங்களையும் புகைப்படங்களையும் வெட்டி ஒட்டித் தாமே அலங்கரித்தார். நோட்டுப் புத்தகத்தில் எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதி வைத்தார்.

1964-இல் ஹலோ டாலி பாட்டு பீட்டில்ஸ் குழுவைக் கீழிறக்கி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு 62 வயது. 1967-இன் வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட் பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது. அமெரிக்காவில் சீந்துவாரில்லை. 20 ஆண்டுகள் கழித்து ஒரு திரைப்படத்தில் ஒலித்த பிறகே அங்கு எல்லாரும் அதை அறிந்தார்கள். அப்போது அவர் இல்லை.

கடைசி ஆண்டுகளில் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்து, மருத்துவர்கள் டிரம்பெட்டைத் தொடக்கூடாது என்றபோது, அவர் அந்த மாடியறையில் உட்கார்ந்து நாடாக்களுக்கு மறுபடி எண் போடத் தொடங்கினார். 1971 ஜூலை 6-ஆம் நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. குவீன்ஸ் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கு அடக்கமானது. பித்தளை வாத்தியக் குழு எதுவும் வாசிக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. நகர மண்டபத்தின் முன் ஆயிரக்கணக்கில் கூடி, உடல் இல்லாமலேயே, எக்காளமும் முரசும் முழங்க அவரை வழியனுப்பினார்கள்.